ஒரு டம்ளர் டீயும் இரண்டு மத்ஹபும்

எனக்குக் கல்யாணமாகி நாற்பது நாள்கூட முடியவில்லை. என்னைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிடலாமா என்று பேச என் மாமியார் வத்தலக்குண்டிலிருந்து ஆளை வரவழைத்துவிட்டார். நான் செய்த குற்றம், கட்டின புருஷன் கையிலிருந்து ஒரு டம்ளர் டீயை வாங்க மறுத்தது. இப்போது இதைச் சொன்னால் எல்லோரும் சிரிக்கிறார்கள். அன்று யாரும் சிரிக்கிற நிலையில் இல்லை.

நான் ராமநாதபுரம் பக்கத்துக் கடற்கரை ஊர்க்காரி. வாப்பா பள்ளிக்கூட வாத்தியார். மாப்பிள்ளை வீடு திண்டுக்கல். கறிக்கடைகளில் ஆட்டுத்தோல் வாங்கி, உப்புப் போட்டு அடுக்கி, பதனிடுகிற ஷாப்புகளுக்கு அனுப்புகிற தோல் மண்டி அவர்களுடையது. பெண் பார்க்க வந்தபோது இரண்டு பக்கமும் கேட்காத கேள்வி இல்லை. பெண்ணுக்குத் தையல் தெரியுமா, மாப்பிள்ளை சிகரெட் பிடிப்பாரா, வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறதா, குளிக்க வெந்நீர் வேண்டுமா என்பது வரை விசாரித்தார்கள். கேட்காமல் விட்டது ஒன்றே ஒன்று, நீங்கள் எந்த மத்ஹபு என்பது.

வேதத்தையும் நபிமொழியையும் வைத்துக்கொண்டு அன்றாட வாழ்க்கைக்குச் சட்டம் சொன்ன பழைய அறிஞர்கள் பலர். அவர்கள் ஒவ்வொருவரின் வழிக்கும் மத்ஹபு என்று பெயர். எங்கள் கடற்கரை ஊர்களில் ஷாஃபி வழி. திண்டுக்கல்லில் பெரும்பாலும் ஹனஃபி வழி. நான் எம்.ஏ. வரலாறு படித்தவள், நான்கு மத்ஹபுகள் யாவை என்ற இரண்டு மார்க் கேள்விக்கு முழு மார்க் வாங்கியவள். ஆனால் அது பாக்தாத் சமாசாரம், பரீட்சையோடு போயிற்று என்றுதான் நினைத்திருந்தேன். எங்கள் தெருவில் எல்லோரும் ஒரே மாதிரி தொழுவார்கள், ஒரே மாதிரி கை கழுவுவார்கள். ஆகவே உலகமே அப்படித்தான் என்று முடிவு கட்டியிருந்தேன். கிணற்றுத் தவளைக்கு எம்.ஏ. பட்டம் கொடுத்தால் அது கிணற்றை விட்டு வெளியே வந்துவிடுமா என்ன.

வந்த முதல் நாளே மாமி எனக்குச் சொன்ன புத்திமதி தண்ணீரைப் பற்றியது. “தாயி, இந்த ஊருல குழாத்தண்ணி என்னிக்கு வரும்னு அல்லாவுக்குத்தான் தெரியும். பாத்துப் பொழங்கு” என்றார். நான் சொன்ன பேச்சைக் கேட்கிற பெண். தொழுகைக்கு முன் முகம் கைகால் கழுவிச் சுத்தம் செய்கிறோமே, அதை ஒளு என்போம். ஒளு முறிந்துவிட்டால் அடுத்த தொழுகைக்குத் திரும்பவும் செய்ய வேண்டும், திரும்பவும் தண்ணீர் செலவு. அதனால் ஒரு தடவை செய்த ஒளுவை முறியாமல் அடுத்த தொழுகை வரைக்கும் காப்பாற்றுவது என்று வைராக்கியம் எடுத்துக்கொண்டேன். மாமியாரிடம் நல்ல பெயர் வாங்க நினைத்துச் செய்த காரியம்தான் என்னை அவரிடம் மாட்டிவிட்டது.

எங்கள் ஷாஃபி வழியில் கணவன் கையும் மனைவி கையும் நேராகப் பட்டாலே ஒளு முறிந்துவிடும். மாமனார் கை பட்டால் முறியாது, மாமியார் கை பட்டால் முறியாது, கூடப் பிறந்தவன் கை பட்டால் முறியாது. தாலி கட்டியவர் கை பட்டால் முறியும். எங்கள் ஊரில் இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். உம்மா ஒளுவோடு இருந்தால் வாப்பா சாவிக்கொத்தைத் தூக்கிப் போடுவார், உம்மா பிடித்துக்கொள்வார். கிரிக்கெட் விளையாடலாம் போல அத்தனை கச்சிதமாகப் பிடிப்பார்.

ஹனஃபி வழியில் அப்படிச் சாதாரணமாகக் கை பட்டால் ஒன்றும் ஆகாது. இது எனக்குத் தெரியாது. எங்கள் வழியில் முறியும் என்பது அவர்களுக்குத் தெரியாது. இரண்டு வீட்டாரும் முஸ்லிம்கள், தமிழ் பேசுகிறவர்கள், புளியாணம் வைக்கிறவர்கள். இதையெல்லாம் ஒருத்தருக்கொருத்தர் சொல்ல வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்?

என்னைப் பற்றி மாமி திரட்டி வைத்திருந்த ஆதாரங்கள் மூன்று. ஒன்று, பிற்பகலில் தொழுகிற அசர் தொழுகை. பொருளின் நிழல் அதன் உயரம் அளவுக்கு நீண்டதும் எங்களுக்கு அசர் நேரம் தொடங்கிவிடும். ஹனஃபி வழியில் இரண்டு மடங்கு ஆக வேண்டும். ஆகவே மூன்றே முக்கால் வாக்கில் நான் தொழுது எழுந்துவிடுவேன். ஏறக்குறைய ஒரு மணி நேரம் கழித்துத்தான் தெருப் பள்ளிவாசலில் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு சொல்வார்கள். பாங்கு கேட்கும்போது நான் பாட்டுக்குக் கீரை ஆய்ந்துகொண்டிருப்பேன். பாங்குக்கு எழுந்திருக்காத மருமகள் என்று மாமி குறித்துக்கொண்டார்.

இரண்டாவது, விடியற்காலை சுபுஹு தொழுகை. அதில் இரண்டாவது ரக்அத்தில், அதாவது இரண்டாவது சுற்றில், குனிந்து நிமிர்ந்த பிறகு, நாங்கள் கையேந்தி ஒரு பிரார்த்தனை ஓதுவோம். குனூத் என்று பெயர். மாமி அதைச் சுபுஹில் பார்த்ததே இல்லை. புது மருமகள் தினமும் விடியலில் தொழுகைக்கு நடுவில் நின்றுகொண்டு நெடுநேரம் கையேந்துகிறாள் என்றால் என்ன கேட்கிறாள்? இந்த வீட்டிலிருந்து என்னைக் காப்பாற்று என்றுதானே கேட்பாள்? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

மூன்றாவது, டீ. ஒரு வியாழக்கிழமை சாயந்திரம் மாமி டீ போட்டார். மண்டியிலிருந்து அப்போதுதான் வந்திருந்த மகனிடம், “நீயே கொண்டுபோயி குடுப்பா” என்று ஒரு டம்ளரைத் தந்து அனுப்பினார். எங்கள் இருவரையும் நெருங்க வைக்கும் திட்டம் என்று பின்னால் தெரிந்தது. அவர் ஆசையாக நீட்டினார். சூரியன் மறைந்ததும் தொழுகிற மஃரிபுக்கு ஒளு வைத்திருந்த நான், “கீழ வைங்க, கீழ வைங்க” என்று பதறி இரண்டு எட்டுப் பின்னால் போனேன். அவர் டம்ளரை ஜன்னலில் வைத்துவிட்டுப் பேசாமல் திரும்பினார். அந்த நேரம் பார்த்து மாமனார் பருப்பு வடைத் தட்டோடு வந்தார். தட்டிலிருந்து ஒரு வடையை எடுத்து என் கையிலேயே வைத்தார். நான் சிரித்துக்கொண்டே வாங்கித் தின்றேன். அடுக்களை வாசலில் நின்ற மாமி இரண்டையும் பார்த்தார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. மண்டி அரை நாள்தான். ஜும்ஆ தொழுகை முடிந்து ஆண்கள் வந்ததும் மாமியின் அண்ணன் வந்து இறங்கினார். அவருக்கு வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் பரோட்டாக் கடை. அந்தக் குடும்பத்தில் சொத்துத் தகராறிலிருந்து சம்பந்தம் பேசுவது வரை எல்லாவற்றுக்கும் அவர்தான் நீதிபதி. கையில் ஒரு சீப்பு மலை வாழைப்பழம் வைத்திருந்தார். வழக்கு எப்படிப் போனாலும் பழம் உதவும் என்று நினைத்திருப்பார்.

நெய்ச்சோறு அப்படியே இருந்தது. மாமி பிசைந்தாரே தவிர வாயில் வைக்கவில்லை. சாப்பாட்டை எடுத்து வைத்ததும் என்னைக் கூப்பிட்டு எதிரில் உட்கார வைத்தார்கள். மாமி அழுதுகொண்டே பேசியபோதுதான் விஷயமே எனக்குத் தெரிந்தது. “எம்மகன அதுக்குப் புடிக்கல அண்ணே. இஷ்டமில்லாத புள்ளய இழுத்து வச்சுக் குடும்பம் நடத்தச் சொல்றது பாவம். கூட்டிப் போயி மரியாதையா அவுக வீட்டுல விட்டுட்டு வந்துருவோம். வெளிய தெரிய வேணாம்.”

திட்டியிருந்தால் பதிலுக்குப் பதில் பேசியிருப்பேன், எனக்கு வாய் உண்டு. என்மேல் இரக்கப்பட்டு அனுப்பப் பார்க்கிறவரிடம் என்ன பேசுவது? வாப்பாவின் முகம் ஞாபகம் வந்தது. நான் இந்த வீட்டை விட்டுப் போக விரும்பவில்லை. என் கணவரை விட்டும் போக விரும்பவில்லை, அது அந்த நிமிடத்தில்தான் எனக்கே உறைத்தது. அவரோ சுவரில் சாய்ந்து தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வத்தலக்குண்டு மாமா நேராகவே கேட்டார். “பயப்படாம சொல்லுத்தா. நேத்து அவன் குடுத்த டீய ஏன் வாங்கல?”

“ஒளு முறிஞ்சிருமே மாமா” என்றேன்.

மாமனார் மெல்ல, “டீ வாங்குனா ஒளு முறியுமா?” என்றார்.

“டீ வாங்குனா இல்ல மாமா. அவுக கை பட்டா.”

“கை பட்டா முறியுமா?”

“முறியாதா?”

நாலு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் நாலு பேரையும் பார்த்தேன். மாமனார் செல்போனை எடுத்து எங்கள் பள்ளிவாசல் இமாமை அழைத்து ஸ்பீக்கரில் போட்டார். இமாம் என் வயதுக்காரர். ஓதி முடித்துப் புதிதாக வேலையில் சேர்ந்தவர். விஷயத்தைக் கேட்டதும் அந்தப் பக்கம் சிரிப்பை அடக்குகிற சத்தம் கேட்டது. “உங்க மருமக ஷாஃபியா? அப்ப அவுங்களுக்கு முறியும். உங்களுக்கு முறியாது. ரெண்டும் சரிதான்” என்றார்.

மாமிக்குக் கோபம் வந்துவிட்டது. “ரெண்டும் எப்புடி அஜரத்து சரியாகும்? ஒண்ணு முறியணும், இல்ல முறியக்கூடாது.”

“ஆயிரம் வருசத்துக்கு மேல இதத்தாம்மா பேசிக்கிட்டிருக்காங்க. ரெண்டு பேரும் ஒரே வேதத்தத்தான் பாத்தாங்க. ஆளுக்கொரு முடிவுக்கு வந்தாங்க. பாடுபட்டு யோசிச்சவரு முடிவு சரியா இருந்தா ரெண்டு கூலி, தப்பா இருந்தாலும் ஒரு கூலின்னு சொல்லியிருக்கு.”

“தப்புக்கும் கூலியா?” என்று மாமி கேட்டார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அப்ப எனக்கு ஒண்ணு உண்டு” என்றார்.

அங்கிருந்து எல்லோரும் சிரிக்க ஆரம்பித்தோம். வத்தலக்குண்டு மாமாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. மாமி மட்டும் இரண்டாவது ஆதாரத்தை விடவில்லை. “விடியக்காலம் கையேந்தி அம்புட்டு நேரம் என்னதான் கேப்ப?” நேர்வழி பெற்றவர்களோடு எனக்கும் நேர்வழி காட்டு என்று கேட்பேன் என்றேன். “அம்புட்டுதானா?” என்றார் கொஞ்சம் ஏமாற்றமாக. போகிற போக்கில் மாமா, “நண்டு திம்பீகளா?” என்று கேட்டார். தின்போம் என்றேன். மாமி நெஞ்சில் கை வைத்தார். ஹனஃபி வழியில் நண்டு கூடாது. அந்த வழக்கு மட்டும் இன்னும் நிலுவையில் இருக்கிறது. நான் ஊருக்குப் போனால் அங்கேயே தின்றுவிட்டு வருகிறேன்.

அதற்குப் பிறகுதான் நான் உருப்படியாகப் படிக்க ஆரம்பித்தேன். இரண்டு மார்க் விடைக்குப் பின்னால் எத்தனை பெரிய சந்தை நடந்திருக்கிறது என்று பார்த்தபோது சந்தோஷமாக இருந்தது. இராக்கின் கூஃபா நகரத்தில் துணி வியாபாரம் செய்துகொண்டு ஹனஃபி வழியைச் சொன்ன அறிஞர், இன்னும் நடக்காததையெல்லாம் நடந்தால் என்ன செய்வது என்று மாணவர்களோடு விவாதித்திருக்கிறார். மதீனாவில் இன்னொருவர், எங்கள் ஊரார் தலைமுறையாகச் செய்து வருவதே சாட்சி என்றிருக்கிறார். உங்கள் நூலையே எல்லா ஊருக்கும் சட்டமாக்குகிறேன் என்று கலீபாவே கேட்டபோது, வேண்டாம், ஊருக்கு ஊர் ஜனங்கள் கற்றது வேறு, அவர்களை அப்படியே விடுங்கள் என்று அவர் தடுத்தாராம். எங்கள் வழியைச் சொன்ன இமாம் இராக்கிலிருந்து மிஸ்ருக்கு, அதாவது எகிப்துக்கு, குடிபோனதும் தன்னுடைய பழைய தீர்ப்புகள் பலவற்றைத் தானே மாற்றிக்கொண்டிருக்கிறார். ஊர் மாறி வாழ்க்கைப்பட்டவள் நான், அது எனக்கு ரொம்பவும் பிடித்துப்போயிற்று.

சட்டத்தோடு அது நிற்கவில்லை. நன்மை தீமையை அறிவாலேயே அறிய முடியுமா, வேதம் சொன்னால்தான் தெரியுமா என்று ஒரு கூட்டம் மோதியிருக்கிறது. தத்துவக்காரர்களைத் தாக்கி ஒருவர் புத்தகம் எழுத, பல காலம் கழித்து வேறொரு தேசத்தில் பிறந்தவர் அதற்கு வரிக்கு வரி மறுப்பு எழுதியிருக்கிறார். இவர்கள் சண்டை போடட்டும் என்று சூஃபிகள் இதயத்தின் பக்கம் போயிருக்கிறார்கள். பாக்தாத்தில் கிரேக்கப் புத்தகங்களை அரபியாக்கியவர்களில் கிறிஸ்தவர்கள் எத்தனையோ பேர். எழுதிவைக்க மாணவர்கள் வாய்க்காமல் அழிந்துபோன மத்ஹபுகளும் உண்டு. அவற்றை நினைத்தால் வருத்தமாக இருக்கும். யாரோ ஒருவர் ராப்பகலாக யோசித்தது வீணாகிவிட்டதே என்று.

ஒரு செய்தி மட்டும் மாமியிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். எங்கள் ஷாஃபி வழியைச் சொன்ன இமாம் ஒரு தடவை ஹனஃபி வழியைச் சொன்ன இமாம் அடக்கமாகியிருக்கிற ஊரில் சுபுஹு தொழுதபோது, அவருக்கு மரியாதையாக அந்தக் குனூத்தை ஓதாமல் விட்டாராம். நானும் இந்த வீட்டில் அதை விட்டுவிடட்டுமா என்று கேட்டேன். மாமி கொஞ்சம் யோசித்தார். “வேணாம். நீ ஓது. அந்த நேர்வழிய எனக்கும் சேத்துக் கேளு” என்றார்.

இன்று எங்கள் வீட்டில் இரண்டு அசர். அதனால் வந்த லாபம் கொஞ்சமல்ல. நான் தொழும்போது மாமி அடுப்பைப் பார்ப்பார், அவர் தொழும்போது நான் பார்ப்பேன். இத்தனை வருடத்தில் ஒரு நாள்கூடக் குழம்பு அடிப்பிடித்ததில்லை. என் போனில் நேரம் காட்டினால், “ஒன் அசரு வந்துருச்சு, எந்திரி” என்று என்னை விரட்டுவதே அவர்தான். தெருக்கோடியில் மத்ஹபே வேண்டாம் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களும் வருவார்கள், வாதாடுவார்கள், டீ குடித்துவிட்டுப் போவார்கள். பழைய அறிஞர்கள் தீர்ப்பு எழுதி முடித்ததும் கடைசியில் ‘அல்லாஹு அஃலம்’, இறைவனே நன்கறிந்தவன், என்று எழுதுவார்கள். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான் என்று ஒப்புக்கொள்ளும் வழக்கம் அது. அதை நான் வீட்டில் சொன்னதிலிருந்து மாமி கறியில் உப்புப் பார்த்தால்கூட, “எனக்குச் சரியா இருக்கு, அல்லாஹு அஃலம்” என்கிறார்.

ஆனால் அந்த வெள்ளிக்கிழமையை நான் இன்னும் சொல்லி முடிக்கவில்லை. எல்லோரும் சிரித்தபோது என் கணவர் சிரிக்கவில்லை. மாமாவைப் பஸ் ஏற்றிவிடப் போனவர், திரும்பி வந்து நேராக மொட்டை மாடிக்கு ஏறி வந்தார். நான் காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தேன். வெயில் தாழ்ந்து மலைக்கோட்டைப் பாறை செக்கச்சிவந்திருந்தது. கொடிக்கு அந்தப் பக்கமே நின்றார்.

“அப்ப வாடைக்காக இல்லையா?” என்றார்.

“என்ன வாடை?”

“தோலு வாடை.” அவர் என்னைப் பார்க்காமல் சொன்னார். “ராத்திரி குளிச்சிட்டு வந்தா நீ ஒண்ணும் சொல்றதில்ல. மண்டியிலருந்து வந்த கையோட கிட்ட வந்தாத்தான் தள்ளிப் போற. அதான்னு நெனச்சேன். பொறந்ததுலருந்து இதுலயே கெடக்கோம், எங்களுக்குத் தெரியாது. வெளியூருப் புள்ளைக்குத் தெரியும்ல.”

அம்மாவைப் போலவே மகனும் ஆதாரங்களை அடுக்கி, யோசித்து, ஒரு தீர்ப்புக்கு வந்திருக்கிறார். ராத்திரி கடைசித் தொழுகை முடிந்தால் நான் ஒளுவைக் காப்பதில்லை என்பது அவருக்கு எப்படித் தெரியும்? கண் முன்னால் இருந்ததை வைத்துப் பார்த்தால் அது கச்சிதமான தீர்ப்பு. அதைத் தன்மேலேயே எழுதிக்கொண்டு இத்தனை நாளாக யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறார்.

“என்ன செஞ்சீங்க?” என்றேன்.

“ஒண்ணும் செய்யல. மண்டியிலருந்து கெளம்பும்போது எலுமிச்சம்பழத்த வெட்டிக் கையில நல்லாத் தேச்சுக் கழுவிட்டு வருவேன். அப்பவும் நீ தள்ளித்தான் போன. வாடை போகல போலருக்குன்னு மறுநா ரெண்டு பழம் வாங்குவேன்.”

கையை அப்போதுதான் பார்த்தேன். பகல் முழுக்கக் கல்லுப்பில் புழங்குகிற கை. விரல் கணுக்களிலெல்லாம் தோல் வெடித்துச் சிவந்திருந்தது. அதன் மேல் எலுமிச்சைச் சாறு. எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. மத்ஹபு தெரியாத எம்.ஏ.வை நினைத்து வெட்கமாக இருந்தது. வாய் இருந்தும் நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

“எரியலையா மச்சான்?” என்றேன்.

“எரியத்தான் செஞ்சிச்சு” என்றார்.

பள்ளிவாசலில் பாங்கு சொல்லத் தொடங்கினார்கள். மஃரிபுக்கு இரண்டு பேருக்கும் ஒரே நேரம். நான் துணிகளைக் கீழே போட்டுவிட்டு அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டேன். “ஏய், ஒனக்கு முறிஞ்சிரும்ல” என்று அவர் இழுக்கப் பார்த்தார். நான் விடவில்லை.